எட்டாம் நாள் முட்டை

‘டொரோவா’ என்ற பாய்மரப் படகின் பின்தளத்தில், ஏழாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்.

சுக்கானில், ரஸ்ஸல் பென்ஹேல். அறுபத்தொரு வயது. படகின் சொந்தக்காரன்.

இடது பெஞ்சில், அவன் மனைவி கிளெனிஸ். மடியில் பாதி பின்னிய கம்பளிக் குல்லா.

வலது பெஞ்சில், நோலின் ஸ்ட்ராகன். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவள். விதவை.

பின்முனை இருக்கை காலி.

போன வருடம் அதில் உட்கார்ந்திருந்தவன் மர்ரே. நோலினின் கணவன். படகில் பாதிப் பங்குக்காரன்.

டோங்கா தீவுகளில் ஐந்து மாதம் சுற்றிவிட்டு, புயல் காலத்துக்கு முன் நியூஸிலாந்து திரும்பும் இதே வழியில்... இதே ஏழாம் நாளில்... மாலை நாலரைக்கு மர்ரே கடலில் விழுந்தான்.

உடல் கிடைக்கவில்லை.

முன்பாயைக் கட்டப் போனான், இடுப்புக் கயிற்றின் கொக்கியை மாட்ட மறந்துவிட்டான் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னார்கள். விபத்து என்று ஃபைல் மூடப்பட்டது. ஒப்பந்தப்படி படகு முழுவதும் ரஸ்ஸலுக்கு வந்தது. படகை விற்றுவிடலாம் என்று மர்ரே சொல்லிக்கொண்டிருந்தது ஃபைலில் ஏறவில்லை.

நோலின் நம்பவில்லை. கரையில் கட்டிப்போட்ட படகில்கூட கொக்கியை மாட்டிக்கொண்டு டீ குடிக்கிற ஆசாமி மர்ரே!

இந்த வருடம் அவள் டோங்காவுக்கே பறந்து வந்தாள். மர்ரே போன இடத்தில் பூப் போட வேண்டும் என்றாள். மூன்று பேர் இருந்தால்தான் திரும்பும் பயணத்துக்கு இன்ஷூரன்ஸ் செல்லும் என்பதால் ரஸ்ஸலும் ஏற்றிக்கொண்டான். புறப்படுவதற்கு முதல் நாள், மீன் வறுவலைக் கடித்தபடியே நோலின் சொன்னாள்.

“ஊருக்குப் போனதும் கேஸைத் திரும்பத் தோண்டச் சொல்லப்போறேன்.”

தூண்டில்.

இப்போது, ஏழாம் நாள், மணி இரண்டே கால். டீத்தூள் எடுக்க நோலின் கீழே சமையலறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள்.

கதவின் உட்புறம், ஓர் ஆணியில், கிளெனிஸின் முட்டைக் கணக்கு. பென்சில் எழுத்து.

வெளியூர் முட்டை ஒன்றுகூட நியூஸிலாந்துக்குள் நுழைய முடியாது. மிஞ்சினால் அதிகாரி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் எந்த நாளுக்கு எத்தனை என்று புறப்படும் முன்பே எழுதி, கரை சேரும்போது கூடை காலியாகும்படி வாங்குவார்கள். கிளெனிஸ் இதில் கறார். ஆளுக்கு ஒன்று, காலையில் மட்டும்.

தாளுக்கு அடியில் இன்னொரு தாள். போன வருடத்தது. நோலின் இரண்டையும் பார்த்தாள்.

போன வருடம். முதல் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை... மூன்று.

எட்டாம் நாளிலிருந்து... இரண்டு.

மேலே, எழுதிய தேதி. மர்ரே சாவதற்கு எட்டு நாள் முன்பு!

அவன் சாவு அப்போதே முட்டைக் கணக்கில் ஏறியிருந்தது.

இந்த வருடத் தாள். ஏழாம் நாள் வரை மூன்று. எட்டாம் நாளிலிருந்து...

இரண்டு.

நோலின் மணி பார்த்தாள். நாலரைக்கு இன்னும் இரண்டே கால் மணி நேரம்.

ஐந்து நிமிடம் கழித்து மேலே வந்தாள்.

“அலமாரியில பிஸ்கட் எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியலை ரஸ்ஸல். நீ போய் எடுத்துட்டு வாயேன். சுக்கானை நான் பிடிக்கறேன்.”

“ஏழு நாளா இருக்கே, பிஸ்கட் டப்பா தெரியலையா? மர்ரே கண்ணை மூடிக்கிட்டே எடுப்பான்” என்று சிரித்தபடி போனான்.

வரும்போது சிரிப்பு இல்லை. பிஸ்கட்டும் இல்லை.

“என்ன, பேயைப் பார்த்தியா?” என்றாள் கிளெனிஸ்.

அவன் பெண்டாட்டியின் பக்கம் முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் நகர்ந்து, சுக்கானைப் பிடித்தான். முதல் வேலையாகக் கொக்கியை மாட்டினான். பிறகு இன்னொன்றையும் மாட்டினான்.

“காத்தே இல்லை. எதுக்கு ரெண்டு?”

“என் உயிர். நான் நாலு கூட மாட்டுவேன்.”

கிளெனிஸ் முணுமுணுத்துக்கொண்டே பிஸ்கட் எடுக்கக் கீழே போனாள். அலமாரி திறக்கும் சத்தம்... அப்புறம் தாள் புரளும் சத்தம்.

திரும்பி வந்தவள் நோலினை ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸ்.

நாலரை அடித்தது.

முன்னால் போய்ப் பாயைக் கட்டு என்று யாரும் நோலினிடம் சொல்லவில்லை. நோலினும் போய்விட்டால், தனியாக அகப்பட்டுக்கொள்வது யார்? இரண்டு பேரும் அவளை நகரவிடவே இல்லை.

எட்டாம் நாள் ரஸ்ஸல் தன் முட்டையைத் தானே வேகவைத்தான். ஒன்பதாம் நாள் கிளெனிஸ் அவன் போட்ட டீயைக் கடலில் கொட்டினாள். அன்று மதியம், கிளெனிஸ் கண் அசந்த நேரத்தில், ரஸ்ஸல் நோலினின் காதருகே வந்தான்.

“மர்ரேயோட கொக்கியைக் கழட்டி விட்டது அவதான் நோலின். இப்ப என்னையும் முடிக்கப் பார்க்கறா. கரைக்குப் போனதும் நீதான் சாட்சி.”

“வாயால சொன்னா யார் கேப்பாங்க? எழுதிக் கொடு. கீழே கையெழுத்துப் போடு.”

எழுதிக் கொடுத்தான்.

பத்தாம் நாள் விடிந்ததும் கிளெனிஸ் வந்தாள். ரஸ்ஸல்தான் தள்ளினானாம். அடுத்து தன்னையும் தள்ளப்போகிறானாம்.

“எழுதிக் கொடு” என்றாள் நோலின்.

காலை பத்து மணி. நியூஸிலாந்தின் ஓபுவா துறைமுகத்துச் சோதனை மேடை. சோதனை இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியுடன் படகு நின்றது. அதிகாரி வரும்வரை யாரும் இறங்கக் கூடாது.

நோலின் பழுப்பு உறையை எடுத்தாள். ரஸ்ஸலின் கடிதம். கிளெனிஸின் கடிதம். போன வருட முட்டைக் கணக்கு. இந்த வருடத்ததையும் உள்ளே வைக்குமுன், தன் சட்டைப் பையிலிருந்த பென்சிலால் ஒரு திருத்தம் செய்தாள்.

எட்டாம் நாளிலிருந்து ஒன்று என்றிருந்ததை மறுபடி இரண்டு ஆக்கினாள்.

ஏழாம் நாள் மதியம் அந்த இரண்டை அழித்து ஒன்று போட்டதும் அதே பென்சில்தான்! நுனியில் ரப்பர் வைத்தது. தாளில் ‘ஒன்று’ என்றிருந்ததைப் பார்த்த ரஸ்ஸல், எழுதியது பெண்டாட்டி என்று நம்பினான். தான் எழுதாத அந்த ‘ஒன்று’ இருந்ததைப் பார்த்த கிளெனிஸ், திருத்தியது புருஷன் என்று நம்பினாள்.

“நீ என்ன எழுதிக் கொடுத்தே அவகிட்ட?” என்றான் ரஸ்ஸல், உறையைப் பார்த்து.

“நீ என்ன எழுதிக் கொடுத்தே?” என்றாள் கிளெனிஸ்.

நோலின் உறையின் விளிம்பை நாக்கால் நனைத்தாள். அழுத்தி ஒட்டினாள். போலீஸ் நிலையத்தின் விலாசத்தை எழுதினாள். அப்போதுதான் ஏறிவந்த சோதனை அதிகாரி மெரேயிடம் நீட்டினாள்.

“இதை இப்பவே கொடுத்தனுப்பணும். இவங்க ரெண்டு பேரும் இறங்கறதுக்கு முன்னாடி.”

மெரே மூன்று முகங்களையும் பார்த்தாள். உறையை வாங்கி, மேடையில் நின்ற காவலரிடம் கொடுத்தாள். அவர் நடக்கத் தொடங்கிய பிறகே சோதனைப் படிவத்தைப் பிரித்தாள்.

“சரி. முட்டை ஏதாவது மிச்சம் இருக்கா?”

“மிச்சமா?” என்றாள் நோலின். “மூணு முட்டை பத்தாமப் போச்சு. இவங்க கணக்குப்படி நான் இப்ப உயிரோடவே இல்லையே!”