நாலாவது அடி

மூன்று தடவை அடித்தது, நாலாவதை விழுங்கியது. மறுபடி மூன்று, மறுபடி ஒரு விழுங்கல். சூளகிரியில் ஷெட் போட்டு லாரியும் காருமாகப் பத்து வருஷம் பார்த்த மாதப்பனுக்கு மிஸ் அடிக்கிற என்ஜின் புதிதா என்ன? ஆனால் இந்தக் கறுப்புக் கார் வேறு மாதிரி. அந்த விழுங்கலில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம், ஐப்பசித் தூறல், விளக்கு வைக்கிற நேரம். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே அவன் பெண்டாட்டி நஞ்சம்மா விடியற்காலையிலிருந்து வலியில் கிடந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத் தரித்த முதல் பிள்ளை. "கொழந்த திரும்பவே இல்லடா, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடு" என்று மருத்துவச்சி நாகம்மா சொல்லிவிட்டாள். கைக்கு எட்டிய வண்டி இது ஒன்றுதான். அதுவும் மேடு ஏற முடியாமல் திணறி இங்கே வந்து நின்றது.

"எப்ப இருந்துண்ணா இப்படி?" என்று காரின் டிரைவர் கோவிந்தப்பனைக் கேட்டான்.

கோவிந்தப்பன் பீடியைப் பற்றவைக்காமலே விரலில் உருட்டினான். "போன வாரம், குந்தாரப்பள்ளி சந்தையன்னைக்கு. புள்ளத்தாச்சி ஒருத்தி ரோட்டுல வலியோட கை காட்டுனா. சீட்டு அழுக்காயிடும், ஓட்டுடான்னாரு மொதலாளி. நானும் ஓட்டிட்டேன், பாவி. திரும்பி வர்றப்ப அங்கேயே கெடந்தா. ரெண்டு உசுரும் போயிருச்சு."

"அதுக்கும் என்ஜினுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்று எரிந்து விழுந்தான் மாதப்பன். பயத்தில்தான் அந்த எரிச்சல்.

"எனக்கென்ன தெரியும்? நீ சரி பண்ணு. மொதலாளி என்ன சொன்னாலும் சரி, நஞ்சம்மாவை நானே கொண்டுபோய் விடறேன்."

ஓடுகிற என்ஜினில் மாதப்பன் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக உருவினான். நல்ல சிலிண்டராக இருந்தால் ஒயரை உருவியதும் ஓட்டம் இன்னும் தளரும். செத்த சிலிண்டருக்கு ஒன்றும் ஆகாது. முதல் ஒயர், தளர்ந்தது. இரண்டாவது, தளர்ந்தது. மூன்றாவதை உருவினான்; வெடிக்கிற வரிசையில் அதுதான் நாலாவது. ஒரு மாற்றமும் இல்லை. அகப்பட்டாயா, என்று பல்லைக் கடித்தான்.

நீளத் திருப்புளியை அந்த இடத்தில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு வைத்தான். வழக்கமான டக்டக், எண்ணெயின் சளசளப்பு, இரும்பின் உரசல், அத்தனைக்கும் அடியில், வெகு ஆழத்தில், ஒரு பெண்ணின் முனகல். வீட்டிலிருந்து வருகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். காதை எடுத்தான். முனகல் நின்றது. மறுபடி வைத்தான். கேட்டது.

என்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினான். பெட்ரோல் வாடையே இல்லை. வெந்நீரும் மஞ்சளும் ரத்தமும் கலந்த வாடை. துடைத்த துணி சிவந்தது.

"துருதான்" என்றான் வாய்விட்டு. அடக் கடவுளே, வேறென்ன சொல்லிக்கொள்வான்? உள்ளே இரண்டு உயிர் ஊசலாடுகிறது. புதுப் பிளக்கை முடுக்கினான்.

கோவிந்தப்பன் ஹாண்டிலைச் சுற்றினான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விழுங்கல் இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது.

மாதப்பன் வீட்டுக்குப் பாய்ந்தான். வாசலிலேயே நாகம்மா நின்றாள். "பொறந்துடுச்சுடா, தேவுடா! இப்பத்தான். தானா திரும்பி தானா வந்துடுச்சு. பொம்பளப் புள்ள. ஆனா..."

நஞ்சம்மாவின் மார்பில் கிடந்தது குழந்தை. நல்ல நிறம். நல்ல கைகால் உதைப்பு. அழத்தான் அழுதது: முகம் சுருங்கி, வாய் திறந்து, குட்டி நாக்கு துடித்து. சத்தம் மட்டும் இல்லை.

"ஏன்யா சத்தம் வரல?" என்றாள் நஞ்சம்மா.

ஷெட்டிலிருந்து கோவிந்தப்பன் அலறினான். "மாதப்பா! நிறுத்திட்டேன்டா! நிக்க மாட்டேங்குது!"

ஒன்று, இரண்டு, மூன்று.

குழந்தை வாயைத் திறந்தது.

ஷெட்டில், கறுப்பு பானெட்டுக்கு அடியில், நாலாவது அடியாக அதன் அழுகை வீறிட்டது.