முப்பத்தொரு பதிவுகள்

கம்ப்யூட்டரின் விசிறி அப்படிச் சத்தம் போடக் கூடாது. தூசி சேர்ந்தால் உறுமும், வெயில் காலத்தில் இரையும். ஆனால் புது இயங்குதளம் முப்பத்து நான்கு சதவீதம் ஏறியிருந்த அந்த மழை மாலையில், மேஜைக்கடியில் இருந்த பெட்டி ஒரு கணம் காற்றை இழுத்து, நடுவில் தடுமாறி, மெல்லிய சீழ்க்கையோடு வெளியே விட்டது. தூசிதான், வேறென்ன என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மடியில் கனமிருப்பவனுக்குத்தானே வழியில் பயம்.

முந்தின நாள் அந்த இயங்குதளத்தை விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சார், பழசு எல்லாத்தையும் துடைச்சிட்டுத்தான் இது ஏறும். மொதல்ல காப்பி எடுத்துக்கோங்க. அப்புறம் குத்துதே குடையுதேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

காலையில் வேலைக்குக் கிளம்பிய மனைவியும் வாசலில் நின்று கேட்டாள். "பாப்பா பேசினதெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டீங்கல்ல?"

"எல்லாம் ஆச்சு. நீ கிளம்பு."

ஒன்றும் ஆகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அவளை வழியனுப்பினான். எட்டு வயது மகள் பாடப்புத்தகத்தை மைக்கின் முன் உட்கார்ந்து வாசித்த முப்பத்தொரு பதிவுகள் அவை. குழந்தை இறந்து ஒன்றரை வருடமாகிறது. வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனைவி கேட்பது அதைத்தான்; அவள் உயிர் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனோ, வரிக்கு வரி குழந்தைக்கு மூச்சு இளைக்கும் அந்தச் சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கசிந்து வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவான். கடைசி இரவில் பக்கத்து அறையிலிருந்து அதே இளைப்பு அவனுக்குக் கேட்டது. விடிந்ததும் மருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தான். நல்ல தூக்கம், ஒன்றும் கேட்கவில்லை என்று மனைவியிடம் சொன்னதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அதனால்தான் 'எல்லாவற்றையும் நீக்கவா?' என்று திரை கேட்டதும் 'ஆம்' என்று அழுத்தினான். காப்பி எடுத்த வட்டு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டால் போயிற்று. பெற்ற மகளின் குரலைத் தன் கையாலேயே அழித்தவன் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

அறுபது சதவீதம். அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனை; அதற்கடியில், வெகு லேசாக, இருமல் மருந்தின் இனிப்பு வாசனை. ஜன்னலைச் சாத்தியிருந்தும் திரைச்சீலை பெட்டியின் பக்கமாக ஒதுங்கி, மறுபடி விலகியது. இழுப்பு. தடுமாற்றம். சீழ்க்கை.

எண்பது. இழுப்பு நீண்டது.

மண்டியிட்டு மேஜைக்கடியில் நுழைந்தான். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வந்த காற்று கன்னத்தில் பட்டது. ஈரமாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. விசிறி நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

"மன்னிச்சுடும்மா," என்றான். இழுப்பு. தடுமாற்றம். இப்போது மேஜைக்கடியில் இல்லை. முதுகுக்குப் பின்னால்.

கதவு திறந்தது. மனைவி. மழையில் நனைந்த பையை ஆணியில் மாட்டிவிட்டு, அவனைப் பார்க்காமலே நேராக மேஜைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்... கரண்ட் இல்ல..." என்றான். பிளக் அவன் கையிலேயே இருந்தது.

அவள் விரலை உதட்டில் வைத்துச் சும்மா இருக்கச் சொன்னாள். இருண்ட திரையைப் பார்த்துச் சிரித்தாள். "மெதுவாப் படி கண்ணு. அவசரமே இல்ல."

கொஞ்ச நேரம் கேட்டாள். சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது.

"ஏங்க," என்றாள், திரும்பாமல். "அன்னிக்கு நீங்க முழிச்சுட்டுத்தான் இருந்தீங்களாமே."

அவன் பிளக்கை மெதுவாகத் தரையில் வைத்தான்.

நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். நாற்காலி மெத்தையின் காலியாக இருந்த அந்தப் பாதி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக அமுங்கியது.