கடைக்குட்டியின் முறை

பிற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தும் அந்த வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. வண்டியிலிருந்து இறங்கிய நர்ஸ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று காது கொடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அது தன் புருஷனின் குரல்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"வந்தவரே, வாசலில் நில்லும். எங்கள் உயிர் எங்களோடு இருக்கட்டும்."

ஒரு மூச்சு. மறுபடி அதே வரி.

அவள் புருஷன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் கடைக்குட்டி என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். கட்டிக்கொண்டவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். நல்ல தாட்டியான ஆள். வாயைத் திறந்தால் கிண்டல். அம்மா படுத்துவிட்டாள் என்று சேதி வந்ததும், "மூணு நாள்ல வந்துடறேன் டாக்டரம்மா" என்று கிளம்பியவன், மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. முதலில் போனில் பேசினான். பிறகு போனையும் எடுக்கவில்லை. லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் வார்டு மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டுக்கொண்டுதான் அவள் புறப்பட்டு வந்திருந்தாள்.

புருஷனின் குடும்பம் ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தது. எந்த வீட்டில் பெண் எடுப்பது, காய்ச்சலுக்கு மாத்திரை போடலாமா கூடாதா, எல்லாமே அங்கே சபை சொல்வதுதான். கல்யாணப் பேச்சின்போதே இவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "உங்க சாமி உங்களுக்கு, என் மாத்திரை எனக்கு." கடைக்குட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். கல்யாணத்துக்குப் பிறகு அவனும் ஒழுங்காகச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

கதவைத் திறந்தது பெரியக்கா. கடைக்குட்டிக்கு மூத்த அக்காள், கல்யாணம் செய்துகொள்ளாமல் சபையே கதியென்று இருப்பவள்.

"சத்தம் போடாம வா" என்றாள். வா என்று சொன்னாளே தவிர முகத்தில் வரவேற்பு ஒன்றையும் காணோம்.

நடு அறையில் மாமியார் கட்டிலில் கிடந்தாள். கட்டிலருகே கீழே கடைக்குட்டி உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, கண் குழிக்குள் போயிருந்தது. பாதி ஆளாகியிருந்தான். அவளைப் பார்த்தான். கண்ணால் சிரித்தான். வாய் மட்டும் நிற்கவில்லை.

முறை மாறும் நேரம் வந்ததும் பெரியக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்தே ஒரு தடவை வரியைச் சொல்லி, பிறகுதான் அவனை எழவிட்டாள். இடையில் ஒரு நூல் இடைவெளி விழவில்லை.

அடுக்களையில் வைத்து நர்ஸ் பிடிபிடியென்று பிடித்தாள். "என்னங்க இது கோலம்? மாத்திரை போட்டீங்களா?"

"வேண்டுதல் நடக்கும்போது மருந்து தொடக்கூடாது."

"அட கடவுளே! அம்மாவைக் காப்பாத்த நீங்க போய்ச் சேரப் போறீங்களா?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஒரு குரல் ஓயாம சொல்லிக்கிட்டே இருந்தா, சாவு வாசல் தாண்டாது. இதை நாங்க சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்தவங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குடி. ஆனா நான் வாயை மூடினேன்னு வை, அம்மாவைக் கொன்னது நான்னு ஆயிடும்ல?"

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எப்படியாவது இவனை இங்கிருந்து உயிரோடு கூட்டிப்போய்விட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் காலை, துணி மாற்றிவிடுகிறேன் என்று மாமியாரைத் தொட்டாள்.

முதலில் உறைத்தது வாடை. மூன்று வாரம் படுக்கையில் கிடக்கும் உடம்புக்கு ஒரு வாடை உண்டு. வார்டில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இங்கே வாடையே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது உடம்பு.

மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. கழுத்தில் விரல் வைத்தாள். அங்கேயும் இல்லை.

மெல்ல ஒருக்களித்துத் திருப்பினாள். முதுகு முழுக்கக் கருநீலமாக ரத்தம் தேங்கி உறைந்திருந்தது. அந்த நிறத்தை அவள் பார்த்திருக்கிறாள். பிணவறைக்கு அனுப்பும் உடம்புகளில் மட்டும்.

ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது.

தரையில் உட்கார்ந்து பெரியக்கா வரி சொல்லும்போது ஏறி இறங்கியது. பெரியக்கா மூச்சு வாங்க நிறுத்தும்போது நின்றது. அவள் தொடங்கினால் இதுவும் தொடங்கியது.

நர்ஸின் கை தானாகப் பின்வாங்கியது. மாமியாரின் கண்கள் திறந்திருந்தன. அவை இவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

முறை மாறியதும் கூடத்தில் பெரியக்காவை மடக்கினாள். "அண்ணி, அத்தைக்கு நாடி இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒரு வாரமாத் தெரியும்." பெரியக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "விட்டா போயிடுவாங்களே."

கல்லும் கரைகிற மாதிரி அல்ல, கல்லே பேசுகிற மாதிரி இருந்தது. நர்ஸுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. "பாவம் அண்ணி அவங்க. நிறுத்திடலாம்."

பெரியக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது. "நடுவுல நிறுத்தினா சாவு வெறுங்கையோட போகாது. அன்னிக்கு யார் முறையோ, அவங்களையும் கேட்டு வரும். எங்கப்பாவுக்குச் சொல்றப்ப எங்க நடுத் தம்பி அசந்து தூங்கிட்டான். அப்பா அப்பவே போயிட்டார். தம்பி பத்தே நாள்ல போய்ச் சேர்ந்தான். நல்லா இருந்த பையன்."

தற்செயல் என்று நர்ஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படியே தற்செயல் இல்லையென்றாலும்தான் என்ன? யார் நிறுத்துகிறார்களோ அவர்களைத் தேடித்தானே வரும்? வரட்டும். என்னைத் தேடி வரட்டும். வார்டில் நான் பார்க்காத சாவா?

அன்று பிற்பகல் கடைக்குட்டியின் முறை. பெரியக்கா குளிக்கப் போயிருந்தாள். அவன் தலை முன்னால் சாய்வதும் திடுக்கிட்டு நிமிர்வதுமாக இருந்தான். நர்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெரியக்கா செய்ததுபோலவே அவனோடு சேர்ந்து ஒரு தடவை வரியைச் சொன்னாள். பிறகு கண்ணைக் காட்டினாள். நீங்கள் படுங்கள்.

அவன் தயங்கினான். கையெடுத்துக் கும்பிட்டான். சுவரோரம் பாயில் சரிந்தவன் அடுத்த நொடியே தூங்கிப்போனான்.

"வந்தவரே, வாசலில் நில்லும்..."

கட்டிலில் நெஞ்சு ஏறியது.

"எங்கள் உயிர் எங்களோடு இருக்கட்டும்."

இறங்கியது. இப்போது அது அவள் மூச்சு. அவள் வேகமாகச் சொன்னால் அங்கே வேகமாக ஏறியது. மெதுவாகச் சொன்னால் மெதுவாக. நம்பிக்கை இல்லாமல் சொன்னாலும் பலிக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் மாமியாரின் உதடு அசைந்தது.

"விட்டுடும்மா."

நர்ஸ் அடுத்த வரியைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"வலிக்குதும்மா. விட்டுடு."

குனிந்து அந்தக் குளிர்ந்த நெற்றியில் கை வைத்தாள். "போயிட்டு வாங்க அத்தை" என்றாள். வாயை மூடிக்கொண்டாள்.

வீடே மூச்சை நிறுத்தியது.

நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை. மாமியாரின் முகம் தளர்ந்தது. அத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டவளின் முகம். அதோடு வாடை வந்தது. மூன்று வார வாடையும் ஒன்றாய்த் திரண்டு வந்து மூக்கில் அறைந்தது.

வாசல் பக்கம் ஒரு காலடி கேட்டது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வந்தது பெரியக்கா இல்லை.

காலடி கூடத்தைக் கடந்தது. அவசரமில்லாமல், ரொம்ப நாள் நின்று கால் மரத்துப்போனவர் நடப்பதுபோல. அறைக்குள் வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குளிர் மட்டும் தெரிந்தது.

கட்டிலருகே நின்றது.

பிறகு அவள் பக்கம் வந்தது. நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். சரி, என்னை எடுத்துக்கொள்.

அது அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

சுவரோரப் பாயருகே போய் நின்றது. வெகுநேரம் நின்றது.

கடைக்குட்டி தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தான். "யாரு என்னைக் கூப்பிட்டது?" என்றான்.

அடக்கம் முடிந்தபிறகு பெரியக்கா திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அது யார் முறை?"

"நான்தான் அண்ணி சொல்லிட்டிருந்தேன். நான்தான் நிறுத்தினேன்."

"சொன்னது நீ. முறை யாருது?"

நர்ஸ் திரும்பிக் கடைக்குட்டியைப் பார்த்தாள். பெரியக்கா தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பிய முதல் சில நாள் நர்ஸ் அவனை விட்டு அகலவில்லை. ராப்பகலாகச் சர்க்கரை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், ஈசிஜி எடுக்கவைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கன்னத்தில் சதை போட்டது. கிண்டல் திரும்பியது. "போலீஸ்காரி புருஷன்கூட இவ்ளோ காவல்ல இருக்கமாட்டான்" என்று பட்டறையில் சொல்லிச் சிரித்தானாம். அவளுக்கும் மெல்ல மெல்ல மூச்சு வந்தது. நாம்தான் மிரண்டுவிட்டோம், மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள்.

பத்தாவது நாள் சாயங்காலம் அவன் பட்டறையிலிருந்து வந்து, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தான். "குளிருதே" என்றான். தட்டின்மேல் கவிழ்ந்தான்.

அவள் பதறவில்லை. பதினைந்து வருஷக் கை அது. தரையில் படுக்கவைத்தாள், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள், நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அழுத்தினாள். வாயில் ஊதினாள். மறுபடி அழுத்தினாள். நாடி இல்லை. அழுத்தினாள். விலா எலும்பு முறிந்தது கையில் தெரிந்தது. நாடி இல்லை. உதடு நீலமாயிற்று.

எப்போது வாய் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"வந்தவரே, வாசலில் நில்லும். எங்கள் உயிர் எங்களோடு இருக்கட்டும்."

அவன் நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். மறுபடி சொன்னாள். அவன் கண் திறந்தது. அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் வலி இருந்தது. அது எந்த வலி என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னாள்.

தெருவில் சைரன் வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. "யாருங்க போன் பண்ணது? கதவைத் திறங்க!" பதில் சொன்னால் வரி அறுந்துவிடும். எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கலாம். ஆனால் வருகிறவர்கள் அவனைத் தூக்குவார்கள், இவளைத் தள்ளுவார்கள், வாயை மூடச் சொல்வார்கள். நாடி இல்லை என்பார்கள். அவளே எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை அது. தரையில் கிடந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "தப்பான அட்ரஸா இருக்கும்ப்பா" என்று வெளியே ஒருவன் சொன்னான். வண்டி கிளம்பியது. சைரன் தெருமுனை திரும்பித் தேய்ந்து மறைந்தது.

கதவு மட்டும் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

அவசரமில்லாமல். ஒரே சீராக.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் கடைக்குட்டியின் உதடு அசைந்தது. பட்டறைக் கிண்டலில் கொஞ்சம் இன்னும் அந்தக் குரலில் ஒட்டியிருந்தது.

"பாவம்டி. எவ்ளோ நேரம்தான் நிப்பாங்க? திறந்து விடு."

அவள் இரண்டு கையாலும் அவன் கண்களைப் பொத்திக்கொண்டு, அவன் குரல் காதில் விழாதபடி இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.