கைதட்டினால் வருபவன்

நடக்கும்போது இடுப்புச் சாவிக்கொத்து சத்தம் போடவில்லை. தெருமுனை வரை வந்த பிறகுதான் எலாதியோ அதைக் கவனித்தான். மாட்ரிட் நகரத்தின் அந்தத் தெருவுக்கு அவன்தான் இரவுக் காவல்காரன். எல்லா வாசற்கதவுச் சாவிகளும் அவன் ஒருவனிடம்தான். இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் வாசலில் நின்று கைதட்டுவார்கள். "வர்றேன்!" என்று குரல் கொடுத்து, தடியால் கல்தரையைத் தட்டிக்கொண்டே ஓடிப்போய்த் திறந்துவிடுவான். இப்போது தொட்டுப் பார்த்தான். கொத்து இருந்தது. ஆனால் யாரோ இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

விமானங்களுக்குப் பயந்து நகரமே விளக்கை அணைத்திருந்தது. மேற்கே பல்கலைக்கழகத்துப் பக்கம், அரசுக்கு எதிராகக் கலகம் செய்த ஜெனரல்களின் படையும் நகரத்தைக் காக்கும் பிள்ளைகளும் வகுப்பறைக்கு வகுப்பறை நின்று சுட்டுக்கொள்ளும் சத்தத்தையும், கரிந்த மரத்தின் நாற்றத்தையும் ஈரக்காற்று தெருவுக்குள் கொண்டுவந்தபடி இருந்தது. 'உள்ளே வர விடமாட்டோம்' என்று தெருவின் குறுக்கே கட்டிய துணி மழையில் நனைந்து தொங்கியது.

பதினான்காம் எண் வாசலில் ஒப்துலியா கைதட்டாமல் நின்றிருந்தாள். போன வாரம் இதே வாசலில் மகன் காசிமிரோவைப் பறிகொடுத்தவள். எலாதியோ கதவைத் திறந்துவிட்டான்.

"காசிமிரோ கைதட்டினப்ப நீ எங்கப்பா இருந்த?"

"குண்டுச் சத்தத்துல காது அடைச்சுப்போச்சுக்கா. சத்தியமா கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சே, மூணாவது மாடியில. விழுந்தடிச்சு இறங்கி வந்தேன். கதவுக்கு உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவன். சாவி உன்கிட்ட." அவள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். "நல்லாப் பூட்டிட்டுப் போ."

பூட்டினான். அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. துப்பாக்கியோடு கிளம்பிய அன்று, மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் காசிமிரோ சொன்னான்: "நாங்க ஊர்க் கதவைக் காக்கப் போறோம். எலாதியோ மாமா பூட்டுக்குப் பின்னாடி பதுங்கப் போறாரு!" கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வயிற்றில் குண்டுக் காயத்தோடு காசிமிரோ வீடுவரை நடந்து வந்து கைதட்டிய இரவில், எலாதியோ எதிர் வாசல் இருட்டில் நின்று, சத்தம் வராதபடி சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தட்டட்டும், இன்னும் நல்லாத் தட்டட்டும் என்று நின்றான். தட்டல் ஓயும்வரை நின்றான்.

கைதட்டல் கேட்டது.

பதினான்காம் எண் வாசலில்தான். அங்கே யாரும் இல்லை. மறுபடியும் தட்டியது, ஈரக் கைகளின் சத்தம். பதில் சொல்லக்கூடாது என்று நினைப்பதற்குள் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"வர்றேன்!"

தட்டல் நின்றது.

பீரங்கிக் குண்டு ஊளையிட்டு வந்தது. தெருவே வெளிச்சமாக வெடித்தது. கண் விழித்தபோது மல்லாந்து கிடந்தான். வயிறு சூடாக நனைந்திருந்தது. அடுத்த குண்டு வரும். உள்ளே போயாக வேண்டும். தவழ்ந்து பதினான்காம் எண் வாசலுக்கு வந்தான். இடுப்பைத் தடவினான்.

சாவிக்கொத்து இல்லை.

கைதட்டினான். வேறு என்ன செய்வான்?

"ஒப்துலியாக்கா! கதவு!"

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், மூச்சுச் சத்தம்.

"கேக்குதுப்பா. நல்லாவே கேக்குது. சாவி உன்கிட்டதானே?"

தட்டினான். ரத்தத்தில் கைகள் வழுக்கின. பின்னால் ஓர் இளங்குரல்.

"வர்றேன்!"

தடி கல்லில் தட்டியது. ஒரே ஒரு முறை. அப்புறம் ஒன்றும் இல்லை.

திரும்பினான்.

எதிர் வாசல் இருட்டில் காசிமிரோ நின்றிருந்தான். சட்டை வயிற்றுப் பக்கம் கறுத்திருந்தது. மதுக்கடையில் சிரித்த அதே சிரிப்பு. சாவிக்கொத்தைச் சத்தம் வராதபடி கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் அவசரமில்லாமல் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.