லியோன்சியோவின் தாகம்

டொமித்திலாவின் பண்ணைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஆனால் அபுரிமாக் பள்ளத்தாக்கின் உச்சியில் மூடுபனி இறங்கிவிட்டால் மதியமும் ஒன்றுதான், அந்தியும் ஒன்றுதான். வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டும் மண்சுவர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"எலியாஸ், வீட்டுக்குள்ளயே கொண்டு போய் நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டர் யானெத்.

"கதவைத் திறந்து வெச்சா நிறுத்திடலாம் டாக்டரம்மா. குளிராவது குறையும்."

அன்று நாங்கள் சிரித்தது அதோடு சரி.

யானெத் கால்நடை மருத்துவர். நான் அவருடைய ஓட்டுநர். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மாடுகளைக் கடித்து, ரேபிஸைப் பரப்பியபடி, பள்ளத்தாக்கில் மேலே மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. அடுத்து எந்தப் பண்ணைக்கு வரும் என்று கணித்து வரைபடத்தில் சிவப்பு தீட்டுவது அவர் வேலை. சிவப்பு விழுந்த இடத்துக்குத்தான் தடுப்பூசி கொடுப்பார்கள். டொமித்திலாவின் பண்ணை வெள்ளையாகவே இருந்தது. அந்தக் குளிரில் வௌவால் தங்காது.

வண்டியில் இருந்த மருந்து, கீழே பாம்பாமர்க்கா கிராமத்துக்கு உரியது. டொமித்திலா ஓயாமல் ஆள் சொல்லி அனுப்பியதால் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறியிருந்தோம்.

அவள் அவித்த சோளத்தை முன்னால் வைத்தாள். தான் உட்காரவில்லை.

"மாடு எதுவும் சாகலையேக்கா?" என்று யானெத் கேட்டார்.

"இன்னும் இல்ல. ஆனா அவர் வந்துட்டாரு."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

நான் சோளத்தைக் கீழே வைத்தேன். அவள் கணவன் லியோன்சியோவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கீழ்ப் பள்ளத்தாக்கில் அடுத்தவர் மாடுகளை மேய்க்கப் போனவன், தூக்கத்தில் கால் விரலில் வௌவால் கடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுகாதார நிலையத்தில் கிடந்து செத்தான். கடைசியில் தாகம் தாகம் என்று அரற்றினான். தண்ணீரைக் கண்டாலோ தொண்டை இறுகி உடம்பு வில்லாக வளைந்தது. உயிர் போகும்வரை டொமித்திலா தகர டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"வந்து மாட்டைக் கூப்பிடுறாரு டாக்டரம்மா. கூப்பிட்டா அதுங்களும் போகுது. அப்புறம் பார்த்தா கழுத்துல ரத்தம். ஊசியைப் போட்டுட்டுப் போங்க. இதுங்களும் போயிட்டா நான் எங்க போவேன்?"

"அக்கா, மேப்புல உங்க இடம் வெள்ளையா..."

"மேப்பை வெச்சு நான் என்ன பண்ண? மாட்டுக்குப் போர்த்தவா?"

யானெத் பதில் சொல்ல வாயெடுத்தார்.

வெளியே மாட்டு மணிகள் ஓய்ந்தன.

எல்லாம் ஒரே சமயத்தில்.

பிறகு அந்தக் குரல். மேய்ப்பன் மாட்டை அழைக்கும் நீண்ட, தாழ்ந்த குரல். அதன் முடிவில் மட்டும் எச்சில் கொழகொழத்தது.

யானெத் எழுந்து வெளியே போனார். எனக்குப் போக மனமில்லை. தனியாக உள்ளே இருக்கவும் மனமில்லை. பின்னாலேயே போனேன்.

பனிக்குள் நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறியது. வௌவால் குகையின் நெடி. மூத்திரமும் செரித்த ரத்தமும் கலந்தது. சுற்று வட்டாரத்தில் குகையே கிடையாது.

மாடுகள் வரிசையாக, கறப்பதற்கு நிற்பதுபோல் தலை குனிந்து நின்றன. அவற்றின் நடுவே கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவன். எங்களுக்கு முதுகு காட்டி, ஒரு செவலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கை போன இடமெல்லாம் ரத்தம் மெல்லிய கோடாக வழிந்தது. பசு அசையவில்லை.

ஒரு வௌவால்கூட இல்லை.

"லியோன்சியோ," என்றபடி டொமித்திலா எங்களைத் தாண்டிப் போனாள். கையில் தகர டம்ளர்.

அவன் திரும்பினான்.

நான் வாயை மட்டும்தான் பார்த்தேன். நெஞ்சுவரை எச்சில் கயிறாகத் தொங்கியது. அவள் டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள். பல் தகரத்தில் மோதியது. டக டக டக.

"இறங்க மாட்டேங்குது டொமி," என்று கிசுகிசுத்தான்.

யானெத் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க. ஒரு வாய் குடிச்சா போயிடுவாரு. ஒரே ஒரு வாய்."

பனி ஒரு முறை புரண்டது. அங்கே யாரும் இல்லை. டம்ளர் தரையில் நேராக நின்றது, தண்ணீர் ததும்ப.

யானெத் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

"மாட்டைப் பிடிங்க எலியாஸ்."

"இது பாம்பாமர்க்காவுக்கு..."

"பிடிங்கன்னு சொன்னேன்."

நான் பிடித்தேன். எல்லா மாட்டுக்கும் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த டொமித்திலாவையும் வண்டியில் ஏற்றி, கீழே கொண்டுபோய் அவளுக்கும் ஊசி போடவைத்தார்.

முன்பே கடிபட்டிருந்த இரண்டு பசுக்கள் வாயில் நுரை தள்ளி விழுந்தன. மற்றவை பிழைத்தன. பாம்பாமர்க்காவுக்கு மருந்து தாமதமாகப் போனது. அங்கே சில மாடுகள் செத்தன. அலுவலகத்தில் கத்தினார்கள். வெள்ளையில் இருந்த பண்ணையில் நோய் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். கழுத்தில் காயம் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார் யானெத்.

மழைக்காலம் முடிந்து, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், வேறொரு பள்ளத்தாக்கிலிருந்து செவெரியானோ என்ற விவசாயி. கூட்டம் ஒன்றில் யானெத்தின் போன் நம்பரை வாங்கியவராம். லியோன்சியோ உயிரோடு இருந்தவரை கால் வைக்காத இடம் அது. யானெத் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. யாரோ ஒரு வழிப்போக்கன், நம்ம மாட்டையே தடவிக் குடுத்துக்கிட்டு வேலி ஓரமா நின்னான். பாவம், உடம்பெல்லாம் நடுங்குது. உள்ள கூட்டிட்டு வந்து அடுப்புப் பக்கம் உக்கார வெச்சிருக்கேன். சுகாதார நிலையம் ரொம்ப தூரம், அதான் உங்களுக்குப் போன் போட்டேன்."

நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"செவெரியானோ, எல்லாரும் வெளிய வாங்க," என்றார் யானெத், மெதுவாக. "இப்பவே வாங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"என் பொண்ணுதான். அவன் தண்ணி கேட்டான், குடுத்துக்கிட்டு இருக்கா."

போனுக்குள் தகரத்தில் பல் மோதும் சத்தம் கேட்டது.