டெல்லா என்று பெயர் வைத்த செடி

புள்ளி விழுந்தால் அடி இலையில்தான் முதலில் விழும். மண்ணில் கிடக்கும் பூஞ்சணம், தண்ணீர் தெறிக்கும்போது கீழ் இலையில் ஒட்டி, அங்கிருந்து மெல்ல மேலே ஏறும். கஞ்சா வளர்க்கிற யாருக்கும் இது அத்துப்படி. ஆனால் வேலியோரம் நின்ற அந்த ஒரு செடியில் புள்ளி கொழுந்தில் பிறந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நரம்புகள் பச்சையாகவே இருக்க, நடுச்சதை மஞ்சளாக வெளுத்து, அதில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் பொட்டுகள். நோரீனுக்கு அது பிடிக்கவில்லை.

மலைக்கு அப்பால் காடு எரிந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான் என்றாலும் ஹம்போல்ட் மலைச்சரிவு முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் இருண்டு கிடந்தது. செம்மரங்களின் உச்சி புகைக்குள் போய்விட்டது, பறவைச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது, சாம்பல் மட்டும் சத்தமில்லாமல் இறங்கி அவள் தலையிலும் கைகளிலும் அந்தப் பெரிய இலைகளிலும் படிந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முந்தைய நாளே மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். மூச்சை இழுத்தால் தொண்டையில் கரி. அதற்கும் அடியில், மண்ணிலிருந்து, இனிப்பும் அழுகலுமாக இன்னொரு வாசனை.

அந்த வாசனை அவளுக்குப் பழகியதுதான். இந்த மலையில் செடி நடுமுன் ஆளுயரக் குழி வெட்டி, ஆற்று மீனின் தலையும் குடலுமாகக் கொட்டி, கரடி வந்து தோண்டாமலிருக்கக் கம்பிவலை விரித்து, அதன்மேல் மண் போடுவார்கள். வசந்த காலத்தில் வேலியோரக் குழி மற்றவற்றைவிடப் பலமாக நாறியபோது, மண் நன்றாக வேலை செய்கிறது என்று நோரீன் சந்தோஷப்பட்டாள். குழி வெட்டி மூடுவது எப்போதும் அவள் புருஷன் வெர்னனின் வேலை. நடுவதும் பார்ப்பதும் இவள் வேலை.

செடிக்குப் பெயர் வைப்பதும் இவள்தான். சட்டம் வீட்டுக்கு ஆறு செடி என்கிறது. ஆறுக்கும் ஆறு பெண்களின் பெயர். வேலியோரச் செடிக்குத் தன் தங்கை டெல்லாவின் பெயரை வைத்தாள். போன இலையுதிர்காலத்தில் அறுவடைக்குக் கை கொடுக்க வந்தவள், மொட்டு நறுக்கி முடித்த மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பக்கத்து மாநிலமான ஓரிகானுக்கு வண்டி பிடித்துப் போய்விட்டதாக வெர்னன் சொன்னான். இன்றுவரை ஒரு போன் இல்லை. டெல்லா அப்படிப்பட்டவள்தான், நினைத்தால் வருவாள், நினைத்தால் காணாமல் போவாள். ஆனால் அந்தத் தடவை அக்காவையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். நோரீன் கட்டிவைத்த பை இன்னும் கட்டிலடியில் கிடக்கிறது. தங்கை மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெயர்களைக் காதில் போட்டுக்கொள்ளாத வெர்னன், அந்த ஒன்றைக் கேட்டதும் வேறு பெயர் வை என்றான்.

முதலில் பூஞ்சணம் என்றே நினைத்து இலைகளைக் கிள்ளி எரித்தாள். வெட்டுக்கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைத்தாள். பாலில் தண்ணீர் கலந்து தெளித்தாள். கேட்கவில்லை. சுண்ணாம்புச் சத்து போதவில்லையோ என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாள். புள்ளி இன்னும் பெருகியது. கடைசியில் இன்றைக்கு ஒவ்வொரு செடியின் வேர்மண்ணையும் கண்ணாடிக் குப்பியில் கரைத்துச் சோதனைச் சொட்டு விட்டாள். செம்மரச் சருகு மக்கிய மண் புளிப்பு, அதனால் தண்ணீர் மஞ்சளாகும். எல்லாம் மஞ்சளாயின. டெல்லா மட்டும் நீலம்.

குப்பியைக் குலுக்கி மறுபடி பார்த்தாள். முட்டை ஓடு அவ்வளவு சீக்கிரம் கரையாது. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினால்தான் இந்த மண் நீலம் காட்டும், அப்போதுதான் வேர் சத்தை உறிஞ்ச முடியாமல் கொழுந்தில் இப்படிப் புள்ளி விழும். மீனுக்கு யாரும் சுண்ணாம்பு போடுவதில்லை. அவளுடைய அப்பா போட்டிருக்கிறார், ஒரு தடவை, செத்துப்போன குதிரையைப் புதைத்தபோது.

வெர்னன் சமையலறையில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செடியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லி, சுண்ணாம்பு எதுவும் போட்டாயா என்று கேட்டாள். அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"போட்டிருப்பேன். ஞாபகமில்ல. அந்தச் செடிய நானே புடுங்கிப் போட்டுர்றேன், நீ கிட்ட போகாத." ரொட்டியால் தட்டை வழித்தான். "இதப்பத்தி யார்கிட்டயாவது சொன்னியா?"

"இலைப்புள்ளியப் போயி யார்கிட்ட சொல்றது வெர்ன்?"

அவன் சிரித்தான். நல்ல சிரிப்புதான். டீசல் போட்டு வருகிறேன், தீ இந்தப் பக்கம் இறங்கினால் கிளம்பவேண்டி வரும் என்று சாவியை எடுத்தான். வண்டி உறுமிக்கொண்டு சரிவில் இறங்கி வளைவில் மறைந்தது.

மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். புதுக் குழி. ஆளுயரம். வெட்டிய மண் இன்னும் ஈரம். பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டைகள், வாய் கட்டியபடி.

சட்டம் ஆறு செடிதான் என்கிறது. ஆறும் நட்டாகிவிட்டது.

ஓடியிருக்கலாம். ஆனால் வேலியோரம்தான் போனாள், அடியில் என்ன என்று தெரியாமல் அவளால் போக முடியாது. செடியின் பக்கவாட்டில் மண்வெட்டியை இறக்கினாள். மண் பொலபொலவென்று வந்தது. கம்பிவலை. அது இருக்கும். வலையை மடக்கினாள். அதன் கீழே இன்னொரு வலை. அது எந்தக் குழியிலும் இருந்ததில்லை. அதற்கும் கீழே வெள்ளை, கட்டி கட்டியாக. வேர்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரண்டு போயிருந்தன. மண்டியிட்டுக் கையால் விலக்கினாள். மஞ்சள் கம்பளிச் சட்டையின் கை. சட்டைக்குள் புகுந்து, மணிக்கட்டு வழியாக வெளியே வந்து, விரல்களைச் சுற்றிப் பின்னியிருந்த வேர்கள். பெருவிரலில் நீலக்கல் மோதிரம்.

அம்மாவின் மோதிரம். டெல்லாதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பின்னால் சாம்பலில் பூட்ஸ் அழுந்தியது. வண்டியை வளைவில் நிறுத்திவிட்டு நடந்தே வந்திருக்கிறான்.

"உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு அவ சொன்னா, நோரீன்." சலிப்போடுதான் சொன்னான். "நீயும் சரின்னுட்டியாம். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

திரும்புவதற்குள் அவன் கை அவள் கழுத்தில் இருந்தது. முட்டியால் முதுகை அழுத்தி முகத்தைச் சுண்ணாம்பில் புதைத்தான். கண் எரிந்தது. வாய்க்குள் வெள்ளை மண். கழுத்தெலும்பு நறநறக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. இடுப்பில் செருகிய வெட்டுக்கத்தரி. விரல் பட்டது. நழுவியது. பட்டது. பின்பக்கமாகக் குத்தினாள். தொடை. மறுபடி. அவன் அலறிக்கொண்டு பிடியைத் தளர்த்தியபோது திரும்பி, தாடைக்குக் கீழே, கைப்பிடி வரைக்கும் இறக்கினாள். சூடாக அவள் முகத்தில் கொட்டியது. அவன் அவள்மேல் சாய்ந்து, உருண்டு, குழிக்குள் கையை ஊன்றி விழுந்தான். வெள்ளையெல்லாம் சிவந்தது.

எழ முயன்றான். முடியவில்லை. ஊன்றிய கை மணிக்கட்டு வரை மண்ணுக்குள்.

"நோரீன்." வாயில் ரத்தம் குமிழியிட்டது. "இழு."

பதினெட்டு வருஷப் பழக்கம். கொலைகாரன் என்று தெரிந்தும் தோளைப் பற்றி இழுத்தாள். அடியிலிருந்து யாரோ எதிர்ப்பக்கம் இழுத்தார்கள்.

முழங்கை. வேர்கள் விண்ணென்று விறைத்தன. காற்றே இல்லை, ஆனால் செடி ஆடியது. தோள். எலும்பு முறிந்தது. அவன் வாயைத் திறந்தான், அதற்குள் மண். தலை. இடுப்பு. ஒரு பூட்ஸ் கொஞ்சநேரம் வெளியே உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. மண் தானாகச் சரிந்து மூடிக்கொண்டது.

சாம்பல் இறங்கியது. நோரீன் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். உச்சிக் கொழுந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மடிப்பு விரிந்தது. சுத்தமான பச்சை. ஒரு புள்ளி இல்லை.

காலடியில் மண் பிளந்தது. நீலக்கல் மோதிரத்தோடு அந்தக் கை மட்டும் மேலே வந்தது, வேர்கள் தொங்க. உள்ளங்கையை விரித்து, அக்காவின் பக்கமாக நீட்டிக் காத்திருந்தது.