எட்டுச் செங்கல்

காலை 7.40. மூன்றாவது குழிக்குள் முதலில் தெரிந்தது ஒரு காலணி. மண்ணைக் கொஞ்சம் விலக்கிய பிறகுதான் அதற்குள் கால் இருப்பது தெரிந்தது.

செய்தி வந்தபோது, மண் பரிசோதனைக் கூடத்தில் அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணன்..." என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றுவிட்டது. தராசுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்பினாள். அழுகை வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

8.25. அடுக்குமாடி எழும்பப்போகும் மனை. கட்டடத்தை நிலம் தாங்குமா என்று பார்க்கத் தோண்டிய குழி, இரண்டரை மீட்டர் ஆழம். மேலே ஓரடிக்குக் கறுப்பு மண், நடுவில் செம்மண், அடியில், குழியின் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டும் மஞ்சள் களிமண். ஒரு பக்கத்தில் மேல்விளிம்பு பெயர்ந்து சரிந்திருந்தது. மண்ணுக்குள் குப்புறக் கிடந்த அண்ணனை அப்படியே வெளியே எடுத்துக் குப்புறவே படுக்க வைத்திருந்தார்கள்.

அண்ணன் மேற்பார்வைப் பொறியாளர். ஊரில் எந்த அஸ்திவாரமும் அவர் கையெழுத்தில்லாமல் எழும்பாது. இந்த மனையின் சைட் இன்ஜினியரோ அவளுடைய கணவன். அழுதழுது அவன் முகம் வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் அவனைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஆறு மணி இருக்கும் சார். மழை விட்டதுக்கப்புறம். சுவரு ஊறியிருக்கு, இறங்காதீங்க மச்சான்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கல."

"மழை எப்ப பெஞ்சது?"

"நாலுல இருந்து நாலரை வரைக்கும். தூறல் விழறதுக்கு முன்னாடியே தோண்டின மண்ணு மேல நான்தான் தார்பாய் போட்டேன். மண்ணு வரிசை கலையக்கூடாதும்பாரு மச்சான்."

"குழி தோண்டினது?"

"மெஷின் டிரைவர். கரை ஓரமா வண்டிய ஓட்டாதன்னு அவன்கிட்டயும் சொன்னேன்."

டிரைவர் பதறிப்போனான். "ரெண்டரைக்கே மெஷினோட போயிட்டேன் சார். வாட்ச்மேன் நோட்ட பாருங்க." பார்த்தார்கள். 2.30 என்று இருந்தது. வாட்ச்மேனுக்கோ கேட்டைத் தாண்டி உலகம் கிடையாது. உள்ளே யார் எங்கே நின்றார்கள் என்று அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதினார்: மழையால் சுவர் சரிவு. இறந்தவரின் கவனக்குறைவு.

அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. பதினேழு வருடத்தில் ஏணியை ஆட்டிப் பார்க்காமல் ஒரு குழியிலும் இறங்காத மனிதர். இப்படி எழுதிவிட்டால் மத்தியானத்துக்குள் குழியை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு, போன வாரம் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மண் பரிசோதனை அறிக்கையை நம்பி இங்கே நாற்பது வீடுகள் எழும்பும்.

அந்த அறிக்கை பொய் என்று நேற்று மதியம் 1.40க்கு அண்ணன் போனில் சொல்லியிருந்தார். "உனக்கு வந்த டப்பாவுல இருந்தது இந்த மனையோட மண்ணே இல்லடி. எவனோ மாத்தியிருக்கான். மூணாவது குழில நானே இறங்கி எடுக்கறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மத்தத சொல்றேன்." பயப்படாதே என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். வீட்டில் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத அவளுக்கு நேற்று மதியம் பெரிதாகப் பயம் ஒன்றும் இருக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் வராதபோதும், வேலை இழுத்திருக்கும் என்று கணவன் சொன்னதை நம்பிவிட்டாள்.

8.50. அண்ணனின் சட்டை முதுகைப் பார்த்தாள். பிறகு ஏணியில் இறங்கிக் குழியின் அடிச்சுவரைச் சுற்றிலும் பார்த்தாள். இயந்திரத்தின் பல் பதிந்த தடம் நாலு பக்கமும் அழியாமல் இருந்தது. மேலே வந்தவள் மண்குவியலின் தார்பாயைக் கண்டாள். ஓரமெல்லாம் செங்கல் வைத்திருந்தது. எண்ணினாள், எட்டு. நீல பிளாஸ்டிக்கை மழை பளிச்சென்று கழுவியிருந்தது. முதல் செங்கல்லைத் தூக்கினாள்.

"மேடம், துக்கத்துல இருக்கீங்க. ஓரமா உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எட்டையும் தூக்கிப் பாத்துட்டு உக்கார்றேன் சார்."

தூக்கினாள். பிறகு தார்பாயை உரித்தாள். குவியலின் உச்சியில் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம்.

9.10. "இது விபத்து இல்ல சார்." சோதனை முடிவை வாசிக்கிற அதே குரல்தான் வந்தது. "அண்ணன் முதுகுல ஒட்டியிருக்கறது மஞ்சள் களிமண்ணு. அது குழிக்கு அடியில மட்டும்தான் இருக்கு. அங்க சுவரு துளிகூட சரியல. கால்மாட்டுல இருக்கற மண்ணு எம்பிக் குதிச்சு முதுகு மேல விழுமா?"

"அப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"குவியல்லருந்து. கடைசியா தோண்டின மண்ணு குவியலுக்கு மேல கிடக்கும். அத யாரோ அள்ளிப் போட்டுட்டு, சரிஞ்ச மாதிரி தெரியறதுக்கு விளிம்ப இடிச்சு விட்டிருக்காங்க."

"சரி. ராத்திரி யாராவது வந்து அள்ளியிருந்தா?"

"அள்ளணும்னா தார்பாயத் தூக்கணும். அதுக்குச் செங்கல்ல எடுக்கணும். குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். கழுவித் துடைத்தாற்போலிருந்த பிளாஸ்டிக்கில், செங்கல் இருந்த எட்டு இடத்தில் மட்டும் செங்கல் அளவுக்குப் பழைய தூசி, காய்ந்தபடியே இருந்தது.

"மழைக்கு முன்னாடி வெச்ச செங்கல்ல அப்புறம் யாரும் தொடவே இல்ல. அப்படின்னா தார்பாய் போடும்போதே குவியல்ல பள்ளம் இருந்திருக்கு. நாலு மணிக்கே எங்கண்ணன் மண்ணுக்குக் கீழ."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "தார்பாய் போட்டது..."

"இவர்தான். இவரே சொன்னாரு. ஆறு மணிக்கு அண்ணன உயிரோட பாத்ததாவும் இவரேதான் சொன்னாரு. போன வாரம் அந்த டப்பாவெல்லாம் என் மேசைல கொண்டுவந்து வெச்சதும் இவர்தான்." அவன் பக்கம் திரும்பினாள். "தார்பாய் ஏங்க போட்டீங்க? பள்ளத்த மறைக்கவா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் தரையைப் பார்த்தான். "தள்ளினது மட்டும்தான். ஏணில தல மோதிடுச்சு. எழுந்திருக்கல. காசு வாங்கிக்கிட்டு மண்ண மாத்தினது தெரிஞ்சா வேலையும் போய் ஜெயிலும்னு..."

"மண்ண போடும்போது மூச்சு இருந்துச்சா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்த இடத்தில் கத்தியிருக்கலாம், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவளுக்குக் கையே எழவில்லை.

9.30. ஜீப்பில் அவனை ஏற்றினார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை இன்ஸ்பெக்டர் அடித்தார். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்: "ஒண்ணு மட்டும் புரியல மேடம். உங்கண்ணன் யார்கிட்டயும் சொல்லாம வந்திருக்காரு. விஷயம் வெளிய வரப்போகுதுன்னு இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் எட்டாவது செங்கல்லை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"நான்தான் சொன்னேன். ரெண்டு மணிக்குப் போன் பண்ணி. யாரோ மண்ண மாத்திட்டாங்களாம், அண்ணன் மூணாவது குழில இறங்கறாரு, தனியா இருக்காரு, கொஞ்சம் கூட இருந்து பாத்துக்கங்கன்னு."